வாசகர் கேள்வி: உலை நின்ற பிறகும் ஏன் உருகியது?

கேள்வி: கூடங்குளம் எங்கள் ஊரிலிருந்து நேர்த்தொலைவில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். புகுஷிமாவில் நிலநடுக்கம் வந்தவுடன் உலைகள் தாமாகவே நின்றுவிட்டன என்கிறார்கள். நின்றுபோன உலை எப்படி உருகியது? 2004 சுனாமியில் கல்பாக்கத்துக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?
– வாசகி, கொல்லங்கோடு, குமரி மாவட்டம்

பதில்: ‘நின்றுவிட்டது’ என்ற சொல்லில்தான் சிக்கல். 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் குலுங்கியபோது, புகுஷிமா நிலையத்தின் ஆறு உலைகளில் ஓடிக்கொண்டிருந்தவை முதல் மூன்று மட்டுமே. அவற்றில் கட்டுப்பாட்டுத் தண்டுகள் சில நொடிகளில் உள்ளே நுழைந்து அணுப்பிளவை நிறுத்தின. ஆனால், மரச்சீனி அவிக்கிற அடுப்பிலிருந்து கொள்ளியை இழுத்துவிட்ட பிறகும் கனலின் சூட்டில் பானை கொதித்துக்கொண்டிருப்பதைப் போல, பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்தபடியே வெப்பம் தந்துகொண்டிருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத்தில் 6 முதல் 7 விழுக்காடு. ஒரு நாள் கழித்து ஏறத்தாழ அரை விழுக்காடு. அரைதானே என்று எண்ண வேண்டாம். கூடங்குளத்தில் உள்ளதைப் போன்ற 1000 மெகாவாட் உலையின் வெப்பம் ஏறத்தாழ 3000 மெகாவாட்; அதில் அரை விழுக்காடு என்பது, வாளியில் தொங்கவிடும் ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் பதினைந்தாயிரத்தை ஒரே அண்டாவுக்குள் இறக்கியதற்குச் சமம். அடுப்புக் கனல் தானே அவிந்துவிடும். இதற்கோ நாள்கணக்கில் நீர் ஓட வேண்டும், நீரை ஓட்ட மின்சாரம் வேண்டும்.

நிலநடுக்கத்தில் வெளிமின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் உடனே ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் முறைப்படியே நடந்தது. சுமார் ஐம்பது நிமிடம் கழித்து, ஆறு மீட்டருக்கும் குறைவான அலையை எதிர்பார்த்துக் கட்டிய இடத்துக்கு 14 மீட்டர் அலை வந்தது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவையும் மின்பலகைகளும் இருந்தது கட்டடங்களின் அடித்தளத்தில். வெள்ளம் முதலில் நிறைக்கிற இடம் அதுதான். ஆறாவது உலையில் சற்று உயரத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரேயொரு ஜெனரேட்டர் பிழைத்ததால் ஐந்தாவதும் ஆறாவதும் தப்பின. ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளிலும் நீர் வற்றி எரிபொருள் உருகியது; அதை மூடியிருந்த சிர்கோனியம் என்ற உலோக உறை நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கியது. மார்ச் 12, 14, 15 தேதிகளில் கட்டடங்களைச் சிதறடித்தது அந்த வாயுதான். அது அணுகுண்டு வெடிப்பு அல்ல.

கல்பாக்கத்துக்கு வந்தது இதைவிடச் சிறிய அலை. கடல்நீர் எடுக்கும் வழியாகப் பம்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து பம்புகள் நின்றன. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஓர் உலையை ஊழியர்கள் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். மின்சாரம் கைவிட்டுப் போகாததே அங்கே பெரிய வேறுபாடு. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உலை தப்பியது, ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின.

கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் நீராவி தானே மேலேறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, நீராகித் திரும்பி இறங்கும் அமைப்பு உண்டு. புகுஷிமாவைப் பார்த்தபின் அதன் அருமை புரிகிறது. என் கவலை வேறு. நம் நாட்டு அவசரகாலத் திட்டம் உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்தைக் கொண்டே வகுக்கப்படுகிறது. உங்கள் ஊர் அதற்கு வெகு வெளியே. புகுஷிமாவில் 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். வடமேற்கே, பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கும் அப்பால் கிடந்த இட்டாத்தே கிராமத்தை விட்டுவிட்டார்கள். காற்று அந்தப் பக்கம் திரும்பியது, மழையும் பனியும் கதிரியக்கத் துகள்களை அங்கே இறக்கின. அந்த ஊரையும் காலிசெய்யச் சொன்னது ஏப்ரலில்தான். ஆகவே, தொலைவைக் கேட்கிறபோது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காற்று களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் நின்று போவதில்லை என்பதால், இது பாறசாலைக்காரர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: புகுஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்களாமே, அயோடின் உப்பு கதிர்வீச்சிலிருந்து காக்குமா?
– வாசகர், பாறசாலை

பதில்: காக்காது. அணு விபத்தின்போது பெரியவர்களுக்குக் கொடுக்கிற 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. வீட்டு உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டால் ஆறரைக் கிலோ உப்பைத் தின்ன வேண்டும், அதற்கு முன்பே உப்பு ஆளைக் கொன்றுவிடும். மாத்திரையும் தைராய்டு சுரப்பியை மட்டுமே காக்கும். உலையிலிருந்து வெளிவரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்கு எதிராக அதனால் பயனில்லை. அதிகாரிகள் சொல்லும்போது மட்டுமே அதை விழுங்க வேண்டும். உப்புக்கு அலைகிற நேரத்தில் வீட்டிலுள்ள பாலைக் கவனியுங்கள். கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாட்டின் வழியாகப் பாலுக்கு வந்து, குழந்தையின் தைராய்டில் சேர்கிறது. 1986-இல் செர்னோபிலைச் சுற்றிக் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்கு முக்கியக் காரணம் அந்தப் பால்தான். கதிரியக்க அயோடினின் வீரியம் எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் என்பதால், சில வாரங்களுக்கு மேய்ச்சல் மாட்டின் பாலை நிறுத்திவிட்டு, முன்பே வாங்கிவைத்த பால்பவுடரைக் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கலாம்.