மணி அடிக்கிறது, குரல் மட்டும் ஏன் வரவில்லை?

குளச்சலிலிருந்து குவைத்தில் இருக்கும் மகனை இணையத் தொலைபேசியில் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கிறான், குரல்தான் கேட்கவில்லை என்கிறீர்கள். பேச முடியாத தவிப்பு புரிகிறது.

அழைப்பும் குரலும் தனித்தனி வழியில் போகின்றன. அழைப்பைக் கவனிப்பது சிப் (SIP) நெறிமுறை, அதாவது கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதி: மணி அடித்தால் 180, எடுத்தால் 200 என்று குறியீட்டு எண்ணாகப் பதில் வரும். குரலை எந்த இணைய முகவரிக்கு அனுப்புவது என்பதும் அப்போதே முடிவாகிவிடும். அப்புறம் குரலைச் சுமப்பது ஆர்டிபி (RTP) என்ற இன்னொரு நெறிமுறை. பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக, வரிசை எண்ணும் நேரக்குறியும் போட்டு அனுப்பும். தொலைந்த துண்டுக்காகப் பொதுவாகக் காத்திருக்காது. பிந்தி வரும் சொல் பேச்சுக்கு உதவாதே.

குரலை அனுப்ப வேண்டிய இடமாக, 192.168 என்று தொடங்கும், வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லும் இணைய முகவரியை உங்கள் போன் சொல்லியிருக்கலாம். வெளியிலிருந்து அதற்குக் குரல் வந்து சேராது. செயலியின் அமைப்பில் ‘ஸ்டன்’ (STUN) என்ற வசதி இருந்தால் இயக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து தெரியும் உங்கள் இணைய முகவரியை அது கண்டுபிடித்துத் தரும். அதற்கும் சரியாகாவிட்டால் இடையில் நின்று குரலை வாங்கிக் கடத்தும் ‘டர்ன்’ (TURN) சர்வர் வழியாகக் குரலை அனுப்ப வேண்டியிருக்கும்.