ஏரிக் கூண்டில் தட்டைப்புழு: தின்னும் உயிரியை விடலாமா?

கேள்வி: ஐயா, ஏரியில் கூண்டு போட்டு மீன்குஞ்சு வளர்க்கிறேன். கூண்டுக்குக் கீழே கிடக்கும் கற்களைப் புரட்டினால் பழுப்பு நிறத் தட்டைப்புழுக்கள் அப்பிக் கிடக்கின்றன. வலையிலும் ஏறுகின்றன. இவற்றைத் தின்னும் உயிரி எதையாவது விட்டால் ஒழியுமா?

பதில்: எதையும் புதிதாக விடாதீர்கள். தின்னக்கூடியவை உங்கள் ஏரியிலேயே இருக்கும். தட்டான் பூச்சியின் நீர்வாழ் இளம்பூச்சி, காடிஸ் ஈ என்ற, அந்துப்பூச்சி போன்ற பூச்சியின் நீர்வாழ் புழு, இரத்தம் குடிக்காமல் சிற்றுயிர்களை விழுங்கும் அட்டைகள் எல்லாம் தட்டைப்புழுவைத் தின்பவைதான். புழுவின் உடலில் ஓடோ எலும்போ கிடையாது. அதனால் தின்றவற்றின் வயிற்றை அறுத்துப் பார்த்தாலும் அடையாளம் எதுவும் சிக்காது. பிரிட்டன் ஏரிகளில் ஆய்வு செய்தவர்கள், வயிற்றில் இருந்த புரதத்தைச் சோதித்துத்தான் யார் தின்றது என்று கண்டுபிடித்தார்கள்.

மீன்களை நம்ப முடியாது. பல மீன்கள் வாயில் கவ்விய வேகத்திலேயே துப்பிவிடும். புழு சுரக்கும் வழவழப்பான கோழை அவற்றுக்குப் பிடிப்பதில்லை. தட்டான் இளம்பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் அது முதலில் கை வைப்பது உங்கள் சின்னக் குஞ்சுகள் மேல்தான்! ஆகவே அந்த யோசனையே வேண்டாம்.

புழு பெருகுவதும் குறைவதும் பெரும்பாலும் தீனியைப் பொறுத்தது. கூண்டுக்கு அடியில் தேங்கும் மிச்சத் தீவனத்தில் மண்புழு போன்ற சிறு நீர்ப்புழுக்கள் பெருகும். அவற்றைத் தின்று தட்டைப்புழு பெருகும். குஞ்சுகள் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். செத்த குஞ்சை அன்றன்றே எடுத்துவிடுங்கள், அந்த வாடைக்குத்தான் புழுக்கள் வலை ஏறி வருகின்றன. நன்றாக நீந்தும் குஞ்சை அவை ஒன்றும் செய்யாது. மீன் முட்டை இருந்தால் மட்டும் கவனம் தேவை.

அப்புறம், வலையில் இருப்பதைத் தண்ணீருக்குள் வைத்தே சுரண்டாதீர்கள். அறுந்த துண்டுகள் பலவும் இரண்டு மூன்று வாரத்தில் முழுப் புழுவாக வளர்ந்துவிடக்கூடும். வலையைக் கரைக்குக் கொண்டுவந்து, மொறுமொறுவென்று ஆகும்வரை வெயிலில் காயவையுங்கள்.

எண்ணிக்கையைக் குறைக்க, சிறு துளை போட்ட டப்பாவில் ஒரு துண்டு ஈரலை வைத்து மாலையில் இறக்குங்கள். வெளிச்சம் பிடிக்காத புழு இரவில்தான் இரை தேடி வரும். விடிவதற்கு முன் டப்பாவைத் தூக்கி, கரையில் கொட்டிக் காயவிடுங்கள்.

புழு மருந்தை மட்டும் ஏரியில் கலக்காதீர்கள், நத்தைகளும் சேர்ந்து சாகும்.