உங்கள் நிரலுக்கு மட்டுமான .எஸ்ஓ கோப்பை எங்கே வைப்பது?

கேள்வி: "பேரேடு" என்ற கணக்கு நிரலை லினக்ஸுக்காக சி++-இல் எழுதியிருக்கிறோம். அதற்கென்றே லிப்கோர்.எஸ்ஓ, லிப்ரிப்போர்ட்.எஸ்ஓ என இரண்டு லைப்ரரிகள் (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் .எஸ்ஓ கோப்புகள்) உண்டு. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள லைப்ரரியின் ஒரு பிரதியையும் கூடவே சேர்த்து அனுப்புகிறோம். சிமேக் என்ற பில்ட் கருவி கொண்டு பில்ட் செய்த கணினியில் நன்றாக ஓடுகிறது. டெப் (டெபியனுக்கு), ஆர்பிஎம் (ஃபெடோராவுக்கு) பேக்கேஜாக்கி வேறு கணினியில் நிறுவினால், லிப்கோர்.எஸ்ஓ-வைத் திறக்க முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. அதை நேராக /யூஎஸ்ஆர்/லிப்-இல் போட்டுவிடலாமா? அல்லது எல்டி_லைப்ரரி_பாத் (லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் சூழல் மாறி) வைத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் காரணம். பில்ட் டைரக்டரியில் இருக்கும் பைனரிக்குள் லைப்ரரி இருக்கும் முழுப் பாதையையும் சிமேக் எழுதிவிடும். அதனால்தான் அங்கே ஓடுகிறது. இன்ஸ்டால் செய்யும்போது அந்தப் பாதையை அழித்துவிடும். புதிய பாதையை நீங்கள் சொல்லவில்லை என்றால் லோடருக்கு (லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் பகுதி) தெரிந்தது வழக்கமான சிஸ்டம் டைரக்டரிகள் மட்டுமே.

/யூஎஸ்ஆர்/லிப்-இல் நேராகப் போட்டால் ஓடும். ஆனால் லிப்கோர் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய பெயர். அதே பெயரில் இன்னொரு பேக்கேஜ் வந்தால், கோப்பு ஏற்கெனவே வேறொரு பேக்கேஜுக்கு உரியது என்று டெபியனின் நிறுவும் கருவியான டிபிகேஜி நிறுவ மறுத்துவிடும். அதைவிட முக்கியம்: பொது இடத்தில் வைத்த லைப்ரரியோடு யாரும் லிங்க் செய்யலாம்; அப்போது ஏபிஐ (ABI, பைனரி அளவிலான இடைமுகம்) மாறும்போதெல்லாம் சோநேமை (லைப்ரரிக்குள் எழுதியிருக்கும், பதிப்பைக் காட்டும் பெயர்) மாற்றும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பிறர் லிங்க் செய்வதற்கு இல்லாத .எஸ்ஓ-வை /யூஎஸ்ஆர்/லிப்-இன் உள்டைரக்டரியில் வைக்கச் சொல்கிறது டெபியன் பாலிசி. பொது லைப்ரரிகளுக்கான பெரும்பாலான விதிகளிலிருந்து அதற்கு விலக்கும் தருகிறது. ஆகவே டெபியனில் /யூஎஸ்ஆர்/லிப்/பேரேடு, 64-பிட் ஃபெடோராவில் /யூஎஸ்ஆர்/லிப்64/பேரேடு.

அனுமதி பிட்டைக் கவனியுங்கள். டெபியனில் இந்தக் கோப்பு 0644 ஆக இருக்க வேண்டும், எக்ஸிக்யூட் பிட் கூடாது. ஃபெடோராவில் 0755 வேண்டும். எக்ஸிக்யூட் பிட் இல்லாத .எஸ்ஓ-வை ஆர்பிஎம்-இன் சார்பு கண்டறியும் கருவி தாண்டிப் போய்விடும்.

எல்டி_லைப்ரரி_பாத் ஸ்கிரிப்டின் கோளாறு, அந்த மாறி உங்கள் நிரலோடு நிற்காது என்பது. அறிக்கையைக் காட்டப் பேரேடு ஒரு பிடிஎஃப் வாசிப்பியைத் திறந்தால், அதற்கு எஸ்க்யூலைட் தேவையென்றால் அதுவும் உங்கள் பிரதியை ஏற்றிக்கொள்ளும். இன்னொன்று பாதுகாப்புப் பிரச்சினை. உங்கள் பாதை, முக்காற்புள்ளி, பழைய மதிப்பு என்று பலரும் எழுதுகிறார்கள். பழைய மதிப்பு காலியாக இருந்தால் முக்காற்புள்ளிக்குப் பின் வரும் வெற்றிடத்தை லோடர் 'இப்போது நிற்கும் டைரக்டரி' என்று எடுத்துக்கொள்கிறது. பிறர் எழுதக்கூடிய டைரக்டரியில் நின்று நிரலை இயக்கினால், அங்கே கிடக்கும் யாருடைய .எஸ்ஓ-வும் ஏறிவிடும். /ஈடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-யில் ஒரு கோப்பைப் போடுவது இன்னும் மோசம். கணினியில் உள்ள எல்லா நிரல்களுக்கும் உங்கள் லைப்ரரி தெரியத் தொடங்கும்.

சரியான வழி ரன்பாத்: லைப்ரரியைத் தேட வேண்டிய பாதையைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பது. இதன் பழைய வடிவம்தான் ஆர்பாத். சிமேக்கில் சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் என்ற மாறிக்கு $ஆரிஜின்/../லிப்/பேரேடு என்று கொடுங்கள் (ஃபெடோராவுக்கு லிப்64). $ஆரிஜின் என்பது அதை எழுதிய கோப்பு இருக்கும் டைரக்டரி. நேராக மேக்ஃபைலில் எழுதுவதானால் டாலர் குறியை இரட்டிப்பாக்கி ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். இல்லையென்றால் மேக்கோ ஷெல்லோ அதை விழுங்கிவிடும்.

இதோடு முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய ஆர்பாத், நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கும், அந்த லைப்ரரிகள் கேட்பவற்றுக்கும் சேர்த்தே செல்லுபடியாகும். கிளிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரி) ரன்பாத் அப்படியல்ல. எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறதோ அதன் நேரடித் தேவைகளுக்கு மட்டுமே. பேரேடு லிப்ரிப்போர்ட்டை மட்டும் கேட்டு, லிப்ரிப்போர்ட் லிப்கோரைக் கேட்டால், பேரேடுக்குள் உள்ள ரன்பாத் லிப்கோரைத் தேட உதவாது. எனவே லிப்ரிப்போர்ட்டுக்கும் தனியாக $ஆரிஜின் என்று ரன்பாத் கொடுங்கள். இரண்டும் ஒரே டைரக்டரியில் இருப்பதால் அது போதும். ரீட்எல்ஃப் -டி கட்டளையை ஒவ்வொரு கோப்பின் மீதும் ஓட்டி, நீடட் (தேவையான லைப்ரரிகள்) வரிகளையும் ரன்பாத் வரியையும் பாருங்கள். ரன்பாத்தில் /ஹோம் என்று தொடங்கும் உங்கள் பில்ட் டைரக்டரி தென்பட்டால் அதை அப்படியே வெளியிடாதீர்கள். மறுபடி கம்பைல் செய்ய வழியில்லாத பைனரி என்றால் பேட்ச்எல்ஃப் -‍-செட்-ஆர்பாத் உதவும். சிஹெச்ஆர்பாத் கருவியால் பழைய பாதையைவிட நீளமானதை எழுத முடியாது.

ஆர்பிஎம் பக்கம் வேலை கொஞ்சம் கூடுதல். பேக்கேஜுக்குள் உள்ள ஒவ்வொரு .எஸ்ஓ-வையும் "நான் தருகிறேன்" என்று ஆர்பிஎம் தானாகவே அறிவித்துவிடும். உங்கள் எஸ்க்யூலைட் பிரதியும் அதில் சேரும். வேறொரு நிரல் எஸ்க்யூலைட் கேட்கும்போது, ஃபெடோராவின் நிறுவும் கருவியான டிஎன்எஃப் அதற்காகப் பேரேடை நிறுவிவிட்டு எல்லாம் சரி என்று சொல்லக்கூடும். ஆனால் தனி டைரக்டரியில் இருக்கும் பிரதி அந்த நிரலுக்கு எட்டாது. இதைத் தடுக்க, ஆர்பிஎம் பேக்கேஜை வரையறுக்கும் ஸ்பெக் கோப்பில் __ப்ரொவைட்ஸ்_எக்ஸ்க்ளூட்_ஃப்ரம் மேக்ரோவில் உங்கள் தனி டைரக்டரியைக் குறிப்பிடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு நிறுத்தினால், லிப்கோரைத் தருபவர் எவருமில்லை என்று உங்கள் பேக்கேஜே நிறுவ மறுக்கும். ஏனென்றால் "எனக்கு வேண்டும்" பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. __ரிக்வயர்ஸ்_எக்ஸ்க்ளூட்டில் உங்கள் தனி லைப்ரரிகளின் பெயர்களை மட்டும் சேருங்கள். பைனரி இருக்கும் டைரக்டரியை மொத்தமாக விலக்காதீர்கள். கிளிப்சி உள்ளிட்ட உண்மையான தேவைகளும் அதோடு காணாமல் போகும். ஃபெடோரா 35 முதல் கோளாறான ஆர்பாத் இருந்தால் பில்டே தோற்கும். /யூஎஸ்ஆர்/லிப்64 போன்ற பொதுப் பாதையை ரன்பாத்தில் எழுதுவதும் அந்தக் கணக்கில் வரும்.

டெபியனில் ரன்பாத் சரியாக இருந்தால் சார்புகளைக் கணக்கிடும் டிபிகேஜி-எஸ்ஹெச்லிப்டெப்ஸ் தேவையான லைப்ரரிகளைப் பெரும்பாலும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். லைப்ரரியைக் காணோம் என்று பிழை வந்தால் முதலில் ரன்பாத்தைச் சரிபாருங்கள். அதை இயக்கும் டிஹெச்_எஸ்ஹெச்லிப்டெப்ஸுக்கு -எல் கொடுத்துப் பிழையை மறைப்பது கடைசி வழி. தனி லைப்ரரிக்குப் பதிப்பு எண்ணுள்ள சோநேம் இருந்தால், பொது லைப்ரரிகளைப் பதிவு செய்யும் டிஹெச்_மேக்எஸ்ஹெச்லிப்ஸில் -எக்ஸ் கொடுத்து அதை விலக்குங்கள்.

நிரலையும் லைப்ரரிகளையும் தனித்தனி பேக்கேஜாகப் பிரித்தால், இரண்டும் ஒரே பதிப்பு, ஒரே வெளியீட்டு எண்ணில் இருக்க வேண்டும் என்ற சார்பை நீங்களே கையால் எழுத வேண்டும். "இந்தப் பதிப்பு அல்லது அதற்கு மேல்" என்பது இங்கே போதாது; தனி லைப்ரரிக்கு ஏபிஐ உத்தரவாதம் கிடையாது. பிரிக்கத் தேவையில்லை என்றால் பிரிக்காதீர்கள்.

எஸ்க்யூலைட் பிரதியை எடுத்துவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. ஒரே சோநேம் கொண்ட லைப்ரரியை லோடர் ஒரு பிராசஸில் பொதுவாக ஒருமுறைதான் ஏற்றும். சிஸ்டம் பிரதி முதலில் ஏறிவிட்டால் உங்களுடையது ஏறவே ஏறாது. தவிர, பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் நீங்களே புதிய பேக்கேஜ் வெளியிட வேண்டும். விடவே முடியாது என்றால், ஸ்டாட்டிக்காக (நிரலுக்குள்ளேயே சேர்த்து) லிங்க் செய்து, -‍-எக்ஸ்க்ளூட்-லிப்ஸ் கொடுத்து அதன் சிம்பல்களை மறைத்துவிடுங்கள். ஃபெடோராவில் பண்டில்ட்(எஸ்க்யூலைட்) என்ற ப்ரொவைட்ஸ் வரியும் அவசியம்.

சோதனையை உங்கள் பில்ட் கணினியில் செய்யாதீர்கள். எதுவும் நிறுவாத ஒரு கன்டெய்னரில் பேக்கேஜை மட்டும் நிறுவி, எல்டி_டீபக்=லிப்ஸ் என்ற மாறியோடு பேரேடை இயக்குங்கள். எந்த லைப்ரரியை எந்தெந்த டைரக்டரியில் தேடியது, எதைத் திறந்தது என்று வரிசையாக அச்சாகும். நிரலுக்குப் பிளகின்கள் இருந்தால் அவை பிறகுதான் ஏறும் என்பதால், ஒவ்வொன்றையும் ஒருமுறை பயன்படுத்தி, அந்த வரிகளையும் பார்த்த பின் வெளியிடுங்கள்.