அரசுப் பள்ளிக்குக் கூடுதல் பணம் வந்தால், பெற்றோர் முதலில் எதைக் கேட்பார்கள்?

ஆளைத்தான் கேட்பார்கள். வகுப்புக்கு ஒரு ஆசிரியர், கழிப்பறையைக் கழுவ ஒருவர். கட்டடம், ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதற்கு அப்புறம். என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள், நானும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். அங்கே காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். எங்கள் ஊரில் 2022-ல் குழுவைப் புதிதாக அமைத்த பிறகுதான் கூட்டம் என்று ஒன்று ஒழுங்காக நடக்கிறது. அதற்கு முன் தீர்மான நோட்டு கையெழுத்துக்காக வீடு தேடி வரும். கூட்டத்தில் அப்பாக்கள் பேசினால் சுற்றுச்சுவர், ஆங்கில வழி என்று போகும். அம்மாக்கள் பேசினால் நேராகக் கழிப்பறைதான். "டிவியெல்லாம் இருக்கட்டும் சார், பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்க. காலைல குடுத்த தண்ணி பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருது" என்றார் ஒரு அம்மா. கழிப்பறைக்குப் போகப் பயந்து பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லை.

தாழ்ப்பாள் மறுவாரமே வந்துவிட்டது. தினமும் கழுவ ஆள் வரவில்லை. பணக் கணக்கைப் பாருங்கள். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பள்ளிகளுக்குப் பணம் தரும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் எங்களைப் போல முப்பதுக்கு மேல் நூறு பிள்ளைகளுக்குள் இருக்கும் பள்ளிக்கு வருட மானியம் 25,000 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், பல்பு எல்லாம் அதிலேதான். அதில் குறைந்தது பத்து சதவீதம் சுகாதாரத்துக்கு என்று விதி. வருடத்துக்கு 2,500, மாதத்துக்கு இருநூற்றுச் சொச்சம். பினாயிலுக்கும் துடைப்பத்துக்கும் சரியாகப் போய்விடும், கழுவுகிற கைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அந்த மானியமும் பள்ளி திறக்கும்போது வந்துவிடாது. வரும் வரை தலைமையாசிரியர் தன் கைக்காசைப் போட்டு ஓட்டுகிறார். 2024-25-க்கு ஒன்றிய அரசிடமிருந்து வர வேண்டிய 2,152 கோடி ரூபாய், பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடவில்லை என்பதால் நிற்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆசிரியர் விஷயம் இதைவிடச் சிக்கல். சட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்றுதான் இருக்கிறது. கணக்கு தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. வகுப்போ ஐந்து. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போனாலோ, எமிஸ் என்ற இணையப் பதிவேட்டில் மாணவர் விவரங்களை ஏற்ற உட்கார்ந்தாலோ, ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். மதியம் பள்ளிப் பக்கம் போகிற எந்தப் பெற்றோரும் இதைப் பார்க்கலாம். பார்த்தவர் அடுத்த வருடம் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார். எண்ணிக்கை குறைகிறது, பணி நிரவல் என்று ஒரு ஆசிரியரையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயம் வருகிறது. 2025-26-ல் பள்ளிக் கல்வித் துறைக்கு மாநில அரசு ஒதுக்கியது 46,767 கோடி. அதில் ஒரு ரூபாயைக்கூட "எங்கள் ஊருக்கு மூன்றாவது ஆசிரியர்" என்று திருப்பிவிடும் அதிகாரம் குழுவுக்கு இல்லை.

ஆங்கில வழியும் இதே கதைதான். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைப் பரவலாகத் தொடங்கினார்கள். எங்கள் பள்ளியில் இரண்டு வழிக்கும் ஒரே டீச்சர், ஒரே அறை.

நன்கொடையாளர்களும் பொருளாகத்தான் தருகிறார்கள். ஃபேன் இறக்கையில் 'உபயம்' எழுதலாம், கழுவுபவரின் சம்பளத்தில் எங்கே எழுதுவது?

ஒன்று கவனித்தேன். காலை உணவைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் புகார் சொல்வதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. அது மட்டும் ஏன் நடக்கிறது? அரிசி, ரவையோடு சமைக்க ஆளுக்கும் சேர்த்தே அதில் ஏற்பாடு இருக்கிறது. சுயஉதவிக் குழுப் பெண்கள் விடிவதற்குள் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். வேலைக்குச் சீக்கிரம் கிளம்புகிற அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறைக்கும் இதே மாதிரி ஏற்பாடு வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது.

நீங்களும் ஒரு பெற்றோர் என்றால் ஒரு யோசனை. ஆசிரியர் பணியிடக் கோரிக்கையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானமாகப் போட்டு, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்றுங்கள். துப்புரவுப் பணியாளரைப் பள்ளியில் கேட்டால் தலைமையாசிரியர் கையை விரிப்பார், ஏனென்றால் கிராமத்தில் அந்தச் சம்பளம் ஊராட்சி வழியாகப் போகிறது. அதை ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையில் எழுப்புங்கள். நாலைந்து அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போனால் "பாக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள்.