புதிய கிராஃபிக்ஸ் கார்டு வரப்போகிறது என்ற வதந்தியை நம்பிக் காத்திருக்கலாமா?

கேள்வி: சில ஆண்டுகளாக என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 2060 கார்டைப் பயன்படுத்தி வருகிறேன். 1440பி திரையில் விளையாடுவதோடு 4கே காணொளிகளையும் தொகுக்கிறேன். அதற்கு 6 ஜிபி நினைவகம் போதவில்லை. மதர்போர்டு பழையது, பவர் சப்ளை 650 வாட். அதிக நினைவகத்துடன் புதிய கார்டுகள் வரப்போவதாகத் தொடர்ந்து படிக்கிறேன். இப்போதே வாங்குவதா, காத்திருப்பதா? இத்தகைய செய்திகளில் எதை நம்பலாம்? புதியவை வந்தால் பழையவற்றின் விலை சரியும் என்பதால், கையிலிருக்கும் கார்டை முன்கூட்டியே விற்றுவிடலாமா?

பதில்: உங்கள் வேலை ஏற்கெனவே தடைபடுகிறது, ஆகவே இப்போது வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை. விற்பனைத் தேதியை நிறுவனமே அறிவித்து, அந்தத் தேதியும் சில வாரங்களுக்குள் இருந்தால் மட்டும் பொறுத்திருக்கலாம். வதந்திகள் எல்லாம் பொய் என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அவற்றில் பல, வியக்கும் அளவுக்குச் சரியாகவே அமைகின்றன. ஆனால் ஒரு கார்டைப் பற்றிய விவரங்கள் அனைத்தும் ஒரே நாளில் முடிவாவதில்லை. வாங்குபவருக்கு முக்கியமான விலை, உண்மையான வேகம், கடையில் கிடைப்பது ஆகிய மூன்றும் கடைசியில்தான் உறுதியாகின்றன. வதந்தியோ முதலில் உறுதியாகும் விவரங்களைத்தான் நம்மிடம் கொண்டுவருகிறது.

கார்டின் மையமான கிராஃபிக்ஸ் சிப்பின் வடிவமைப்பு, அது விற்பனைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே முடிந்துவிடும். நினைவகத்துக்குச் செல்லும் பாதையின் அகலம், சிப்பின் பரப்பளவு, அது எந்த உற்பத்தி நுட்பத்தில் தயாராகிறது என்பவை அப்போதே தீர்மானமாகிவிடுகின்றன. அதன்பின் சர்க்யூட் போர்டும் கூலரும் உருவாகும்போது பல நிறுவனங்களின் கைகள் சேர்வதால் தடயங்களும் பெருகுகின்றன. சோதனைக்கு அனுப்பப்படும் மாதிரி போர்டுகள் சரக்கு ஆவணங்களில் வெறும் எண்களாகத் தென்படும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கோப்புகளில் அதுவரை இல்லாத அடையாள எண்கள் சேரும். எங்கோ ஓட்டிப் பார்த்த பெஞ்ச்மார்க் என்னும் வேகச் சோதனையின் முடிவு பொதுவெளிக்கு வந்துவிடும். அப்படியொரு கார்டு யாரோ ஒருவருடைய சோதனை மேசையில் இருக்கிறது என்பதற்கு இவை நல்ல சான்றுகள். அது கடைக்கு வரும் என்பதற்குச் சான்றுகள் ஆகா. 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 20 ஜிபி பதிப்பு வரும் என்று பரவலாகப் பேசப்பட்டது. முதலில் வந்த 3080 கார்டில் 10 ஜிபி இருந்தது. 2021 ஜூனில் வந்த 3080 டிஐ, 2022 ஜனவரியில் வந்த 3080-இன் மறுபதிப்பு ஆகிய இரண்டிலும் 12 ஜிபிதான் இருந்தது. 20 ஜிபி பதிப்பை என்விடியா அறிவிக்கவே இல்லை.

பெயரும் விலையும் எவ்வளவு தாமதமாக முடிவாகின்றன என்பதற்கு 2022-இல் நடந்ததைச் சொல்லலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று என்விடியா, ஆர்டிஎக்ஸ் 4080-ஐ 16 ஜிபி, 12 ஜிபி என இரு வடிவங்களில் வெளிப்படையாகவே அறிவித்தது. இரண்டுக்கும் நினைவகத்தில் மட்டுமன்றிச் சிப்பிலேயே வேறுபாடு இருந்ததால் கடும் எதிர்ப்பு எழுந்தது. அக்டோபர் 14 அன்று 12 ஜிபி வடிவத்தைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் சொன்னது. அதே கார்டு 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயருடன், முதலில் சொன்ன 899 டாலருக்குப் பதிலாக 799 டாலருக்கு வெளிவந்தது. நிறுவனத்தின் வாயிலிருந்து வந்த பெயரும் விலையுமே சில மாதங்களுக்குள் மாறின என்றால், ஆறு மாதங்களுக்கு முன் ‘நம்பகமான வட்டாரம்’ சொன்ன விலைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் 2025 ஜனவரியில் ஆர்எக்ஸ் 9070 வரிசையின் பெயரை வெளியிட்டது. விலையைப் பிப்ரவரி 28 அன்றுதான் சொன்னது. விற்பனை மார்ச் 6 அன்று தொடங்கியது. போட்டியாளர் என்ன விலை வைக்கிறார் என்று பார்த்த பிறகே தன் விலையை முடிவுசெய்வது இத்தொழிலின் வழக்கம். ஆகவே விலை வதந்தியைப் படிக்காமலேயே கடந்து செல்லலாம்.

நினைவக வதந்தியை மட்டும் நீங்களே வீட்டில் உட்கார்ந்து சோதிக்க முடியும், அதற்குச் சிறு கணக்குப் போதும். கிராஃபிக்ஸ் நினைவகச் சில்லு ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுள்ள பாதையில் இணைகிறது. 256 பிட் பாதை என்றால் எட்டுச் சில்லுகள். 192 பிட் என்றால் ஆறு. 128 பிட் என்றால் நான்கு. ஒரு சில்லின் கொள்ளளவு 2 ஜிபி ஆனால் இவை முறையே 16, 12, 8 ஜிபி ஆகும். ஜிடிடிஆர்7 என்னும் புதிய நினைவக வகையில் 3 ஜிபி சில்லுகளும் வந்துவிட்டன. அவற்றைப் பொருத்தினால் அதே பாதைகளில் 24, 18, 12 ஜிபி கிடைக்கும். போர்டின் பின்புறமும் சில்லுகளைப் பொருத்தினால் கொள்ளளவு இரட்டிப்பாகும். 4060 டிஐ கார்டின் 16 ஜிபி வடிவம் அப்படித்தான் அமைந்தது. இனி, ‘192 பிட் பாதையில் 16 ஜிபி’ என்று யாராவது எழுதினால் ஆறால் வகுத்துப் பாருங்கள், கணக்கு இடிக்கும். (வெவ்வேறு கொள்ளளவுள்ள சில்லுகளைக் கலந்து பொருத்தி 192 பிட் பாதையில் 1 ஜிபி கொடுத்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ 2011-இல் வந்ததுண்டு, ஆனால் அது அரிய விதிவிலக்கு.) கணக்கு இடிக்கும் வதந்தியைத் தயங்காமல் ஒதுக்கலாம். கணக்குச் சரியாக வருவது, அப்படிச் செய்ய முடியும் என்பதை மட்டுமே காட்டும்.

என்விடியாவின் ஐம்பது வரிசையின் (5070, 5080 என 50-இல் தொடங்கும் எண்களுள்ள கார்டுகள்) ‘சூப்பர்’ எனப்படும் மேம்பட்ட பதிப்புகள் பற்றி 2025 முழுவதும் உலவிய செய்தி இதற்குப் பொருத்தமான சான்று. 5070 சூப்பரில் 18 ஜிபி, 5080 சூப்பரில் 24 ஜிபி என்று சொல்லப்பட்டது. மேற்சொன்ன கணக்கில் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. 3 ஜிபி சில்லுகள் 5090 மடிக்கணினி வடிவத்தில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தன. 2024 ஜனவரியில் நாற்பது வரிசையின் சூப்பர் கார்டுகள் வந்த முன்னுதாரணமும் இருந்தது. ஆக, பகுத்தறிவோடு நம்பக்கூடிய வதந்திதான். ஆனால் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் இறுதியில் நினைவகச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில் என்விடியா புதிய கிராஃபிக்ஸ் கார்டு எதையும் அறிவிக்கவில்லை. கசிந்த விவரம் பிழையாக இல்லாமலேயே காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள்.

வேகம் பற்றிய வதந்திக்கு வருவோம். ‘இரு மடங்கு வேகம்’ என்ற தலைப்பைக் கண்டால், உற்பத்தி நுட்பம் மாறுகிறதா என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். முப்பது வரிசை சாம்சங்கின் 8 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. நாற்பது வரிசை, தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியின் 4என் என்ற மேம்பட்ட நுட்பத்துக்கு மாறியது. 3090-இலிருந்து 4090-க்குப் பெரிய பாய்ச்சல் கிடைத்ததற்கு இதுவே முதற்காரணம். ஐம்பது வரிசையின் விளையாட்டுக் கார்டுகள் ஏறத்தாழ அதே நுட்பத்தில் நின்றுவிட்டன. அதனால் 5080, தனக்கு முந்தைய 4080 சூப்பரைவிட 4கே-யில் சுமார் 10 முதல் 15 சதவீதமே வேகமாக இருந்தது. 2025 ஜனவரியில் ‘549 டாலருக்கு 4090-இன் செயல்திறன்’ என்று 5070 பற்றி மேடையில் சொல்லப்பட்டபோது, இடையிடையே செயற்கையாக உருவாக்கப்படும் ஃபிரேம்களும் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. அவற்றை நீக்கினால் அது 4070 சூப்பருக்கு அருகில்தான் நிற்கிறது. காணொளித் தொகுப்பில் அந்த ஃபிரேம்களால் உங்களுக்கு எள்ளளவும் பயனில்லை.

மின்தேவை பற்றிய வதந்தி இன்னொரு வகை: அதில் எண் உண்மையாக இருக்கும், பொருள் மாறிவிடும். 4090 வெளிவருவதற்கு முன் அது 600 வாட் எடுக்கும் என்று சொல்லப்பட்டது. அதை நம்பிப் பலர் பெரிய பவர் சப்ளை வாங்கத் தயாரானார்கள். வந்த கார்டின் வரம்பு 450 வாட். ஆனால் என்விடியாவின் சொந்தத் தயாரிப்பில் பயனர் விரும்பினால் வரம்பை 600 வாட் வரை உயர்த்த முடிந்தது. போர்டும் கூலரும் தாங்கக்கூடிய உச்சத்தை, அன்றாட நுகர்வாக எண்ணியதுதான் பிழை. வதந்தியை நம்பிப் பவர் சப்ளையை முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டாம் என்பதே இதில் உங்களுக்கான செய்தி.

உங்கள் தேவைக்கு 16 ஜிபி நினைவகமுள்ள கார்டைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, என்விடியாவின் 5060 டிஐ 16 ஜிபி ஆகிய இரண்டும் 200 வாட்டுக்குள் அடங்குபவை. உங்களிடமுள்ள பவர் சப்ளைக்கு அவை சுமையே அல்ல. சற்று மேலே போக முடிந்தால், 220 வாட் ஆர்எக்ஸ் 9070-உம் 650 வாட்டுக்குள் பொருந்தும். 5060 டிஐ மதர்போர்டுடன் தரவைப் பரிமாற எட்டு வழித்தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ இணைப்பு மூன்றாம் தலைமுறை என்றால் அதற்குச் சிறிது வேக இழப்பு நேரலாம். பதினாறு வழித்தடங்களுள்ள 9060 எக்ஸ்டிக்கு அந்தச் சிக்கல் குறைவு. மாறாக, உங்கள் கேமரா 4:2:2 நிறப்பதிவில் (நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை) படம்பிடிப்பதாக இருந்தால், அதை வன்பொருளிலேயே படிக்கும் வசதி ஐம்பது வரிசையில் உள்ளது. தொகுப்பு மென்பொருளில் காலவரிசையை நகர்த்தும்போது அந்த வேறுபாட்டை உடனே உணர்வீர்கள். வதந்திகளில் இதைப்பற்றிப் பேச்சே எழுவதில்லை. ஆனால் உங்கள் வேலைநேரத்தை மிச்சப்படுத்துவது இதுபோன்ற வசதிதான்.

பழைய கார்டை முன்கூட்டியே விற்கும் எண்ணத்தை மட்டும் கைவிடுங்கள். 2020 செப்டம்பரில் என்விடியா, 2080 டிஐ-க்கு நிகரான வேகத்தை 3070 கார்டு 499 டாலருக்குத் தரும் என்று அறிவித்ததும், 2080 டிஐ வைத்திருந்த பலர் விலை இன்னும் சரிவதற்குள் கைகழுவிவிட வேண்டும் என்று அவசரமாக விற்றார்கள். அறிவித்த வேகம் மெய்யாகவே கிடைத்தது, கார்டுதான் கிடைக்கவில்லை. தட்டுப்பாடும், கிரிப்டோ நாணயச் சுரங்கத்துக்காக இக்கார்டுகள் மொத்தமாக வாங்கப்பட்டதும் சேர்ந்து, அடுத்த ஓராண்டுக்கும் மேலாக அறிவித்த விலையில் எவரும் எளிதில் வாங்க முடியாத நிலையை உண்டாக்கின. அவர்கள் விற்ற 2080 டிஐ-யின் மறுவிற்பனை விலையோ ஏறிக்கொண்டே போனது. உங்கள் 2060-இன் விலை ஏற்கெனவே இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிட்டது. இன்னும் சில மாதங்கள் வைத்திருப்பதால் பெரிய இழப்பு நேராது. புதிய கார்டைப் பொருத்தி, டிரைவரை நிறுவி, ஒரு முழுத் தொகுப்பு வேலையை அதில் முடித்து, திருப்பித் தருவதற்கான கால அவகாசமும் கழிந்த பிறகு பழைய கார்டை விற்பனைக்கு வையுங்கள்.