டிக்கெட் விற்காத விளையாட்டு

வணக்கம் சார்,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு. மூன்று வருடமாக ரோயிங் போகிறாள், விடியற்காலை நாலரைக்கு எழுந்து. இப்போது ஒரு பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அணியில் சேரச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறார். என் கணவருக்கு நம்பிக்கை இல்லை. "டிக்கெட் விற்காத விளையாட்டுக்கு எத்தனை நாள் காசு போடுவார்கள்? 2020இல் ஸ்டான்ஃபோர்டே மூடப் பார்த்ததே" என்கிறார். அவர் சொல்வது சரியா? உதவித்தொகை என்று சொல்வதை நம்பலாமா?

மீனா

அன்புள்ள மீனா,

உங்கள் கணவர் கேட்டது கேட்கவேண்டிய கேள்விதான். ரோயிங்கில் வருமானம் கிடையாது. கரையில் நின்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். செலவோ பெரிது. எட்டுப் பேர் துடுப்புப் போடும் புதுப் படகு 50,000 டாலரை எளிதாகத் தொடும். நீளம் பதினேழு மீட்டருக்கு மேல், எடை நூறு கிலோ அளவுக்குத்தான். பயிற்சி முடிந்து எட்டுப் பெண்கள் அதைத் தலைக்கு மேல் தூக்கித் தோளில் இறக்கி, படகை வழிநடத்தும் காக்ஸ் சொல்லச் சொல்ல அடியெடுத்து வைப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொட்டகை வாசலில் திரும்பும்போது ஒருத்தி கவனம் தப்பினால் போதும், வால்நுனி கதவில் இடித்து கார்பன் ஓட்டில் விரிசல் விழும். அதை ஒட்டிச் சரிசெய்யவே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் அணிகள் உண்டு.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? ஆரம்பத்திலிருந்தே அடுத்தவர் பணம்தான். 1852இல் ஹார்வர்டும் யேலும் முதன்முதலாகப் போட்டியிட்டபோது இரண்டு அணிகளின் செலவையும் ஏற்றது ஒரு ரயில்வே கம்பெனி. உங்கள் ஊர்ப்பக்கமே இருக்கும் பிரின்ஸ்டனின் கார்னகி ஏரி இயற்கை ஏரி இல்லை. மாணவர்கள் கால்வாயில் சரக்குப் படகுகளுக்கு நடுவே திண்டாடினார்கள் என்று எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி பணம் கொடுத்து உருவாக்கியது. 1906இல் முடிந்தது. அவருக்கு அமெரிக்கக் கால்பந்து பிடிக்காது, பையன்கள் படகுப் பக்கம் வரட்டும் என்று ஆசை. இன்று பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் கால்பந்துப் பணம்தான் படகுக்கும் வருகிறது.

அதே ஏரியில் 1936 ஜூலையில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகப் பையன்கள் ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு, பெர்லின் போக 5,000 டாலர் நீங்களே திரட்டவேண்டும், முடியாவிட்டால் வேறு அணி போகும் என்று சொல்லிவிட்டார்கள். சியாட்டில் மக்களும் பத்திரிகைகளும் சில நாளில் சேர்த்துக் கொடுத்தார்கள். பையன்கள் தங்கத்தோடு திரும்பினார்கள். பெரும்பாலும் மரம் வெட்டுகிறவர்கள், விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். அந்த 5,000 டாலரை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு கலங்கும்.

ஆனால் உங்கள் மகள் பெண்கள் அணிக்குப் போகிறாள். அங்கே கணக்கு வேறு. 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி விளையாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாய்ப்பு சமமாக இருக்கவேண்டும். கால்பந்து அணியில் மட்டும் நூறு ஆண்கள் இருப்பார்கள். அதற்கு ஈடாக ஒரே விளையாட்டில் அறுபது, எழுபது பெண்களைச் சேர்க்க ரோயிங் போல வேறு எதுவும் கிடையாது. அதனால்தான் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணி பல்கலைக்கழகமே நடத்தும் முழு அணி, ஆண்கள் அணி வெறும் க்ளப். உங்கள் மகளின் படகை மூட நினைக்கிறவர் முதலில் வக்கீலைப் பார்க்கவேண்டியிருக்கும்.

ஸ்டான்ஃபோர்ட் விஷயம் கணவர் சொன்னபடிதான். 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அதில் ஆண்கள் ரோயிங்கும், எடை வரம்பு வைத்த 'லைட்வெயிட்' பெண்கள் ரோயிங் அணியும் உண்டு. எல்லாவற்றையும் நிலையாக நடத்த 20 கோடி டாலருக்கு மேல் வேண்டும் என்றார்கள். நம் கோயில் கட்டளை நிதி மாதிரிதான் இது. அசலில் கை வைக்காமல், அது ஈட்டுவதில் விளக்கு எரியவேண்டும். 20 கோடியில் வருடம் 5 சதவீதம் எடுத்தால் ஒரு கோடி, 11 அணிக்கு. பழைய மாணவர்கள் நிதி திரட்டினார்கள், வழக்கும் போட்டார்கள். 2021 மே மாதம் பல்கலைக்கழகம் முடிவைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு பணம் படைத்த இடத்திலேயே பிள்ளைகள் பத்து மாதம் தவித்தது எனக்கு ஆறவில்லை.

உதவித்தொகையில்தான் கவனம் வேண்டும். 2025 வரை, கல்லூரி விளையாட்டின் முதல் நிலைப் பிரிவில் (டிவிஷன் 1) ஒரு பெண்கள் ரோயிங் அணிக்கு அதிகபட்சம் 20 முழு உதவித்தொகை. அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருத்திக்குப் புத்தகச் செலவு, இன்னொருத்திக்குப் பாதிக் கட்டணம், பலருக்கு ஒன்றுமே இல்லை. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்பாட்டை ஒட்டி அந்த வரம்பு போய்விட்டது. அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில் இப்போது 68 பேர் என்று அணிக்குத்தான் வரம்பு, அத்தனை பேருக்கும் கொடுக்க அனுமதி உண்டு. பணம் இருக்கிறதா என்பது வேறு பேச்சு. அதே உடன்பாட்டின்படி ஒரு பல்கலைக்கழகம் வருடம் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதில் பெரும்பங்கு கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் என்றால் விளையாட்டுக்காக உதவித்தொகையே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவதுதான்.

பயிற்சியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். என் மகளுக்கு எத்தனை சதவீதம், எழுத்தில் தருவீர்களா? நாலு வருடத்துக்கா, ஒரு வருடத்துக்கா? முதுகுவலி வந்து படகில் ஏற முடியாமல் போனால்? பயிற்சியாளர் சம்பளம் கட்டளை மாதிரியான நிலையான நிதியிலிருந்து வருகிறதா, வருடா வருடம் நன்கொடை திரட்டியா? நல்ல பயிற்சியாளர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், இந்தக் கேள்விகளை மகளே கேட்கட்டும். நீங்களும் கணவரும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.