எடைக் குறைப்பு அறுவைக்குப் பின் சோறு எப்போது?

கேள்வி: 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரமாகிறது. மசித்த உணவு ஒத்துக்கொள்கிறது. நேற்று இரண்டு வாய் சோறு சாப்பிட்டதும் நெஞ்சு அடைத்து வாந்தி வந்துவிட்டது. இனி சோறே சாப்பிடக் கூடாதா?
- வாசகி, மதுரை

பதில்: சாப்பிடலாம், ஆனால் இப்போது வேண்டாம். 'ஸ்லீவ்' சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிவிடுவதால், உங்கள் இரைப்பை இப்போது ஒடுங்கிய குழாய். சோறும் பிரெட்டும் சரியாக மெல்லாவிட்டால் உருண்டையாகத் திரண்டு அங்கே நின்றுவிடும். பெரும்பாலும் எட்டு வாரத்துக்குப் பிறகே, பருப்போடு குழையப் பிசைந்து, இரண்டு டீஸ்பூனில் தொடங்கலாம். உங்கள் மருத்துவக் குழு வேறு கால அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி.

இந்த வாரங்களில் புரதம்தான் முதலில். குழைய வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், மென்மையான பனீர், மசித்த பருப்பு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் கிடைப்பது ஏறத்தாழ 6 கிராம்தான். அதனால் சோற்றுக்கு இடம் கொடுத்தால் புரதத்துக்கு இடமிருக்காது.

புதிய உணவு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. இரண்டு புதிய உணவுகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. கூழாகும்வரை மெல்லுங்கள், சாப்பாட்டுக்கு 20 நிமிடமாவது ஒதுக்குங்கள். நெஞ்சில் அழுத்தம் தெரிந்த உடனே நிறுத்துங்கள், இன்னொரு வாய் வேண்டாம். தண்ணீர் அரை மணி நேரம் கழித்துத்தான். ஒத்துக்கொள்ளாததை ஒரு வாரம் தள்ளி மறுபடி முயலுங்கள்.

தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, காய்ச்சல், கடும் வயிற்றுவலி, படபடப்பு இவற்றில் ஒன்று இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவதும் பார்வை இரண்டாகத் தெரிவதும் அதன் அடையாளங்கள்.